மகாவலிக்குச் சுருட்டை முடி

லோஜினியின் தலையில் எந்தச் சீப்பும் நீண்ட நாள் வாழ்ந்ததில்லை.

சிவப்புச் சீப்பு தைப்பொங்கலுக்கு முன்பே பல்லெல்லாம் உதிர்ந்து கிழவனானது. கறுப்புச் சீப்பு நடுவில் முறிந்தது. "இது ஆயுசுக்கும் உடையாது தங்கச்சி" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்த தடித்த சீப்பு, சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் 'டக்' என்று இரண்டானது.

அம்மா தன் கையில் இருந்த பாதிச் சீப்பைப் பார்த்தாள். மற்றப் பாதி லோஜினியின் தலைக்குள் எங்கேயோ இருந்தது.

"இங்க கொஞ்சம் வாங்க! சீப்பு உள்ள போயிருச்சு, தேடி எடுங்க!"

பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா ரவிகுமார், நுரை வாயோடு ஓடி வந்தார். முதலில் ஒரு கையால் தேடினார். பிறகு இரண்டு கையாலும் தேடினார்.

"கெடச்சிருச்சு!"

"நேத்து தொலைஞ்ச கிளிப்பும் அங்கதான் இருக்கும் அப்பா. அதையும் பாருங்க" என்றாள் லோஜினி.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பல்லேகலயில் உள்ள தையல் தொழிற்சாலைக்கு அவள் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் தொழிற்சாலை பஸ் மஹய்யாவச் சந்தியில் நிற்காமல் போய்விடும்.

"போதும்டி அம்மா! ஞாயித்துக்கிழமை சந்திரகுமார் அண்ணன் சலூனுக்குப் போறோம். ஒட்ட வெட்டிட்டு வாறோம்" என்றாள்.

லோஜினி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

அவளுடைய முடி சாதாரணச் சுருட்டை இல்லை. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் போல, சின்னச் சின்ன நெருக்கமான சுருள்கள். ஒரு சுருளைப் பிடித்து இழுத்தால் கழுத்து வரை வரும். விட்டால் துள்ளிக்கொண்டு காதுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் அது காதைத் தாண்டியவுடன் சந்திரகுமார் மாமாவின் கத்தரிக்கோல் வந்துவிடும். அதனால், தன் முடி எவ்வளவு தூரம் வளரும் என்பது லோஜினிக்கே தெரியாது. தரம் ஆறுக்கு வந்த பிறகும் அவள் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"வெட்ட வேணாம்மா. இந்தத் தடவை வளத்துப் பாக்கிறேன்."

"வளத்துட்டு? யாரு சீவுறது?"

"நானே சீவிக்கிறேன்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே அவளைப் பார்த்தாள். அம்மாவின் முடியும் அதே சுருட்டைதான். ஆனால் அவள் அதை எண்ணெய் வைத்து, இழுத்து, இறுக்கி, ஒரு சின்னக் கொண்டையாகச் சிறை வைத்திருந்தாள். அந்தக் கொண்டை அவிழ்ந்து லோஜினி பார்த்ததே கிடையாது.

"சரி. கலைவிழா வரைக்கும் பாக்கிறேன். ஆனா ஒரு நாள் ஸ்கூலுக்கு லேட்டானாலும், டீச்சர்மார் உன் தலையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாலும், அடுத்த ஞாயிறே வெட்டுதான். சரியா?"

"சரி!"

சொல்வது சுலபமாக இருந்தது. சீவுவதுதான் சுலபமாக இல்லை.

முதல் வாரம் பெரும் யுத்தம். லோஜினி உச்சந்தலையில் சீப்பை வைத்துக் கீழே இழுப்பாள். சீப்பு பாதி வழியில் நின்றுவிடும். இன்னும் பலமாக இழுத்தால் கண்ணில் தண்ணீர் வரும். எல்லாம் முடிந்து கண்ணாடியைப் பார்த்தால், தலை முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும்.

வகுப்பில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸிபானுக்கு அதைப் பார்த்துக் கை சும்மா இருக்கவில்லை. மெதுவாக ஒரு பென்சிலை அவள் முடிக்குள் செருகினான். பென்சில் விழவில்லை. பக்கத்தில் இன்னொன்றையும் செருகினான். அதுவும் நின்றது.

"டேய், குருவிக்கூடுடா!" என்று கிசுகிசுத்தான்.

வகுப்பே சிரித்தது. லோஜினிக்கு முகம் சூடானது. ஆனாலும் அவள் திரும்பவில்லை. மணி அடித்ததும் இரண்டு பென்சிலையும் உருவி எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது என்ட பென்சில்!" என்றான் ஸிபான்.

"கூட்டுக்குள்ள போட்டா குருவிக்குத்தான் சொந்தம்" என்றாள் லோஜினி.

இந்த முறை வகுப்பு ஸிபானைப் பார்த்துச் சிரித்தது.

அன்று பின்னேரம் கண்டியில் மழை வெளுத்து வாங்கியது. லோஜினியும் அவளுடைய தோழி ஸனாவும் ஒரே குடையில் மஹய்யாவ மேட்டில் ஏறினார்கள். பாதி வழியில் காற்று குடையைப் பிடுங்கி மேலே வளைத்துவிட்டது.

"யா அல்லாஹ்! உம்மா புதுசா வாங்கித் தந்த குடை!" என்று ஸனா கத்தினாள்.

இருவரும் கோழிக்குஞ்சுகள் போல நனைந்தபடி ஒரு கடை ஓரமாக ஒதுங்கினார்கள். ஸனா தன் வெள்ளைப் பர்தாவின் நுனியைப் பிழிந்தாள். லோஜினி தலையைத் துடைக்கக் கையைக் கொண்டு போனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

விரல்கள் முடிக்குள் போயின. எங்கும் சிக்காமல் வெளியே வந்தன.

"ஸனா, என் தலையப் பாரு!"

ஸனா பார்த்தாள். "அடி, மோதிரம் மோதிரமா தொங்குது! இது எப்ப வந்த?"

"இப்பதான். நனைஞ்ச பொறகு."

லோஜினி வீடு போகும் வரை முடிக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தாள். காய்ந்த முடியைச் சீவினால் பொங்குகிறது, உடைகிறது. நனைந்தால் அதுவே வரிசையாக நிற்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளாக நாம்தான் தப்பான நேரத்தில் அதோடு சண்டை போட்டிருக்கிறோம்!

அடுத்த நாள் தண்ணீரில் நனைத்துச் சீவினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் போவதற்குள் காய்ந்து மறுபடியும் பொங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் போதாது. வழுவழுப்பாக ஏதாவது வேண்டும்.

வீட்டு வேலியில் செம்பருத்தி என்றும் சொல்லும் செவ்வரத்தம் செடி ஒன்று இருந்தது. சின்ன வயதில் லோஜினியும் ஸனாவும் அதன் இலையைக் கசக்கிச் சாறெடுத்து, அதில் குமிழி ஊதி விளையாடுவார்கள். கையெல்லாம் வழுக்கும். அந்த வழுவழுப்பு நினைவுக்கு வந்ததும் லோஜினி வேலிக்கு ஓடினாள். ஒரு பிடி இலையைப் பறித்துக் கழுவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடிகட்டி, ஒரு கோப்பையில் எடுத்துக் குசினி அடுப்பு மேடையில் வைத்தாள். தலை துவட்டத் துவாய் எடுக்க உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கோப்பை அப்பாவின் கையில் இருந்தது. அவர் வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு கண்ணை உருட்டினார்.

"அப்பா! அது என் தலைக்கு!"

அப்பா முற்றத்துக்கு ஓடித் துப்பினார். "நான் இலைக்கஞ்சின்னுல்ல நெனச்சேன்! கஞ்சி ஏன் தொண்டைக்குள்ள சறுக்குதுன்னு பாத்தேன்!"

மீதி இருந்ததை லோஜினி ஈரத்தலையில் பூசினாள். சீப்பு சறுக்கிக்கொண்டு போனது. அன்று முழுவதும் முடி பொங்கவில்லை. ஸிபான்கூடப் பின்னால் இருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். செருகுவதற்கு ஒன்றும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவளே கண்டுபிடித்தாள்.

தெருக்கோயில் திருவிழா முடிந்து, அப்பா தான் ஓட்டும் திரீவீல் ஆட்டோவுக்குக் கட்டியிருந்த பல்புச் சரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார். அது ஒரே சிக்கல். லோஜினி அவிழ்க்க உட்கார்ந்தாள். நடுவில் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகியது. நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தால் தானாகவே வழிவிட்டது. சரம் முழுவதும் அவிழ்ந்ததும், அவள் நேரே கண்ணாடிக்கு முன்னால் போய்த் தன் முடியின் நுனியைப் பிடித்தாள். நுனியில் தொடங்கி மேலே மேலே போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

சொரசொரப்பான துவாயால் தேய்த்தால் சுருள்கள் கலைந்துவிடுகின்றன என்று தெரிந்ததும், அப்பாவின் மெல்லிய பெனியனால் ஒற்றி எடுத்தாள்.

"என் பெனியனை யாராவது கண்டீங்களா?" என்று அப்பா அலுமாரியைக் குடைவது அந்த வீட்டில் வழக்கமாகிப்போனது.

"பருத்தித் தலையணை முடியைப் பிய்க்குதும்மா" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். மறுநாள் அம்மா, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட வழுவழுப்பான துணித்துண்டுகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்து, ஒட்டுப் போட்டு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்தாள்.

"உனக்காக இல்ல. துணி வீணாப் போகுதேன்னு தைச்சேன்" என்றாள்.

முடி வளர்ந்தது. காதைத் தாண்டியது. கழுத்தைத் தொட்டது. ஐப்பசி மழை தொடங்கியபோது, இழுக்காமலே தோளில் வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட வேண்டுமே! கண்ணாடி பார்க்காமலே பின்னப் பழகிக்கொண்டாள் லோஜினி. பிறகு கயிறு போல முறுக்கிப் பின்னுவது, கிரீடம் போலச் சுற்றிப் பின்னுவது என்று ஆசையாசையாகப் பழகினாள். இடைவேளையில் யாருடைய பின்னலாவது அவிழ்ந்தால், "லோஜினியிட்டப் போ" என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு நாளும் அவள் பள்ளிக்குப் பிந்தவில்லை.

கலைவிழா வந்தது. சிக்கலும் கூடவே வந்தது.

நடனம் படிப்பிக்கும் தயாளினி டீச்சர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். அந்த ஆண்டு 'மகாவலி' என்று ஒரு நடனம் அமைத்திருந்தார். மலையில் பிறக்கும் சின்ன ஓடைகளாகப் பல பிள்ளைகள். அவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகும் மகாவலி ஆறாக ஒருத்தி. எல்லோரையும் ஆடவிட்டுப் பார்த்துவிட்டு டீச்சர் சொன்னார்:

"லோஜினிதான் மகாவலி. அவளுக்குத்தான் கால் தரையில நிக்குதில்லை."

லோஜினி அன்று வீடு வரை ஆடிக்கொண்டே போனாள்.

ஆனால் மகாவலிக்கு இடுப்பு வரை தொங்கும் நீளப் பின்னல் வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. அதற்காக லோஜினியின் முடியை ஒரு கறுப்பு வலைத் தொப்பிக்குள் அமுக்கி, அதில் பொய்ப்பின்னல் ஒன்றை மாட்டி ஒத்திகை பார்த்தார்கள்.

நடனம் நன்றாகத்தான் போனது. லோஜினி சுழன்றாள். வலைக்குள் அடங்கிக் கிடந்த சுருள்கள் மெல்ல மெல்லத் தொப்பியை மேலே தள்ளின. அவள் இன்னும் வேகமாகச் சுழன்றாள். தொப்பி 'பொத்' என்று கழன்றது. பின்னல் பாம்பு போலப் பறந்து போய் மிருதங்கத்தின் மேல் விழுந்தது.

"ஐயோ!" என்று மிருதங்க மாஸ்டர் துள்ளி எழும்பினார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தலையோட என்ன செய்யிறது பிள்ளை? மேடையில இப்பிடி நடந்தா என்ன மானம் மிஞ்சும்?"

"டீச்சர், நான் என் முடியோடயே ஆடுறேனே" என்றாள் லோஜினி.

"மகாவலி தலைவிரிச்சுக்கொண்டே வாறது? சனம் என்ன நினைக்கும்?" டீச்சர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். "கலைவிழா அண்டைக்குக் கலகெதரயில இருந்து சலூன் அக்கா வாறா. அவ சூட்டு இயந்திரம் வைச்சு உன்ட முடிய நேராக்கிவிடுவா. நான் அம்மாவோடயும் கதைக்கிறன்."

அம்மாவோடு கதைத்தும்விட்டார்.

அன்று மாலை அம்மா கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள். "பேசினது பேச்சுதானே லோஜினி? சனிக்கிழமை கலைவிழா. ஞாயித்துக்கிழமை சலூன்."

"அம்மா..."

"வெட்ட எனக்கு மட்டும் ஆசையா? என்னையும் சின்னதுல என்னென்னமோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. உனக்கும் அது வேணாம்னுதான் சொல்றேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லோஜினி அறைக்குள் போனாள். வழுவழுப்பான தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் ஸனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். கலைவிழாவில் அறிவிப்பாளராக நிற்கப்போவது அவள்தான். அதனால் எந்தக் கருத்தையும் உரக்கச் சொல்லிப் பழகியிருந்தாள்.

"எனக்கு ஒண்டு விளங்கல்ல புள்ள. பேராதனைப் பாலத்துக்குக் கீழ நீயும் பாத்திருக்கியே. பாறையில மோதித் தண்ணி நேராவா போகுது? சுருண்டு சுருண்டு, நுரைச்சு நுரைச்சுத்தானே போகுது?"

லோஜினி அவளைப் பார்த்தாள். "அதை டீச்சர்கிட்ட சொல்லேன்."

"நானா? எனக்குப் பயம் ஈக்குதே!" என்றாள் அறிவிப்பாளர்.

சனிக்கிழமை விடிந்தபோதே வானம் கறுத்துக் கிடந்தது. லோஜினி எழுந்து வேலிக்குப் போனாள். இன்றைக்கு நேராக்கப் போகிறார்கள், நாளைக்கு வெட்டப் போகிறார்கள். ஆனாலும் என்ன? இன்றைக்கு அது என் தலையில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். செவ்வரத்தம் இலையைக் கசக்கிப் பூசி, அலசி, நுனியில் தொடங்கிச் சிக்கெடுத்து, அப்பாவின் பெனியனால் ஒற்றி, உச்சியில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

மண்டபத்தின் பின்னறையில் ஓடைப் பிள்ளைகள் எல்லோரும் நீலப் பாவாடையோடு தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை கொட்டியது. சலூன் அக்காவைக் காணவில்லை. டீச்சர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். கடைசியில் கைப்பேசி அடித்தது.

"ஓம்... என்ன? மரம் விழுந்திட்டுதோ? நடு ரோட்டிலயோ?" டீச்சரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "எப்ப வெட்டி முடிப்பினம்? ஐயோ..."

கலகெதரப் பாதையில் பெரிய மரம் ஒன்று சரிந்து, இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றுவிட்டன. சலூன் அக்கா நடுவில் மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பொய்ப்பின்னல்கள், ஊசிகள், கிளிப்புகள், சூட்டு இயந்திரம் எல்லாமே அவருடைய பையில் இருந்தன.

டீச்சர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "இத்தனை தலையையும் நான் தனிய எப்பிடிச் செய்யிறது? இன்னும் கொஞ்ச நேரத்தில எங்கட முறை வந்திடும்."

ஒரு சின்ன ஓடை விம்மத் தொடங்கியது. அதைப் பார்த்து இன்னொரு ஓடையும் அழுதது. கண் மை கன்னத்தில் வழிந்தது.

லோஜினி எழுந்து நின்றாள்.

"நான் பின்னுறேன் டீச்சர்."

"நீயோ? எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும் முடியும் டீச்சர். பொய்ப்பின்னல் வேணாம். அவங்க அவங்க முடியே போதும்."

டீச்சர் பதில் சொல்லும் முன்பே லோஜினி தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த சின்னப்பிள்ளையைத் தன் முன்னால் உட்கார வைத்தாள்.

"அழாத தங்கச்சி. உன் முடி எவ்வளவு அழகா வழுக்குது பாரு. இதை முறுக்கி ஒரு ஓடை மாதிரி விடுவோமா?"

பிள்ளை மூக்கை உறிஞ்சித் தலையாட்டியது.

தலையை நனைத்து, நுனியில் சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, லோஜினியின் விரல்கள் ஓடின. மெல்லிய முடிக்கு முறுக்குப் பின்னல். அடர்ந்த முடிக்குக் கிரீடப் பின்னல். குட்டை முடிக்கு இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிப் பின்னல்கள். ஒவ்வொரு தலையையும் தொட்ட பிறகுதான் அதற்கு என்ன செய்வதென்று முடிவு செய்தாள்.

"கையில இருந்த நாலு ஊசியும் தீந்து போச்சு!" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் அறிவிப்பாளர் உடுப்போடு ஸனா உள்ளே எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும், "ஊசியா? ஊசிக்கா பஞ்சம்?" என்று மண்டபத்துக்குள் ஓடினாள். பர்தா போட்ட தோழிகள் எல்லோரிடமும் இருந்த மேலதிக ஊசிகளை வாங்கி, ஒரு கை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள்.

"ஒருத்தியும் இல்லையெண்டு சொல்லல்ல. சரி, நான் போய் உங்கட பேரை அறிவிக்கணும். மெதுவாத்தான் அறிவிப்பேன், பயப்பட வேணாம்!"

அவள் சொன்னபடியே செய்தாள். மேடையில் மகாவலி எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஊரைத் தொட்டுப் போகிறது என்று நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டே நின்றாள். பின்னறையில் கடைசிப் பின்னலும் முடிந்தது.

டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு விதம். எல்லாம் சேர்ந்து பார்க்க, மலையில் இருந்து பல ஓடைகள் இறங்குவது போலவே இருந்தது. டீச்சரின் முகம் மலர்ந்தது. பிறகு திடீரென்று திகைத்தது.

"லோஜினி! உன்ட தலை?"

"என் தலை ரெடி டீச்சர்."

லோஜினி உச்சியில் இருந்த முடிச்சை உருவினாள். தலையை ஒரு உலுப்பு உலுப்பினாள். சுருள்கள் பொலபொலவென்று இறங்கி, தோளைச் சுற்றிக் குதித்து நின்றன. கறுப்பு, பளபளப்பு, ஒவ்வொரு சுருளும் தனித்தனி.

டீச்சர் கிட்டே வந்து பார்த்தார். பிறகு பொய்ப்பின்னலுக்காக வாங்கி வைத்திருந்த மல்லிகைப் பூக்களை எடுத்து, ஒவ்வொன்றாகச் சுருள்களுக்குள் வைத்தார். ஊசி இல்லாமலே பூக்கள் பிடித்துக்கொண்டு நின்றன.

"இவ்வளவு நாளும் நான் என்னத்தைப் பாத்தனானோ தெரியேல்லை" என்று முணுமுணுத்தார். "போ பிள்ளை. போய் ஆடு!"

திரை விலகியது.

ஓடைகள் துள்ளி வந்தன. நடுவில் மகாவலி வந்தாள். லோஜினி மெதுவாக அடி வைத்தபோது சுருள்கள் மெதுவாக அசைந்தன. பாறைகளில் மோதும் இடத்தில் அவள் குதித்தாள், சுருள்களும் குதித்தன. சுழன்றாள், அவை குடை போல விரிந்து அவளோடு சுழன்றன. பாட்டு வேகம் பிடித்தது. அவளுக்குச் சபை தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை. பறந்து விழ எதுவும் இல்லை என்பதால் பயமும் இல்லை. கடைசியில் எல்லா ஓடைகளையும் கைகோத்து இழுத்துக்கொண்டு அவள் கடலில் போய் விழுந்தாள்.

வெடித்தது கைதட்டல். வெளியே பெய்த மழையின் சத்தம்கூட அதில் காணாமல் போனது.

பரிசு கொடுக்க மேடைக்கு வந்த பிரதம விருந்தினர் அம்மையார் லோஜினியின் முன்னால் நின்றார். ஒலிவாங்கி அவர் கையிலேயே இருந்தது.

"மகாவலி மகள், மிச்சம் அழகா ஆடினீங்க. ஒண்ணு கேக்கணும். இந்த விக்கை எந்தக் கடையில எடுத்தீங்க? என் தங்கச்சி மகளுக்கும் ஒண்ணு வேணும்!"

சபை சிரித்தது.

"இது விக் இல்ல மேடம்" என்றாள் லோஜினி. "என் சொந்த முடி. வேணும்னா இழுத்துப் பாருங்க."

அம்மையார் தயங்கி, ஒரு சுருளை மெல்லப் பிடித்து இழுத்தார். அது நீண்டுகொண்டே வந்தது. விட்டார். துள்ளிக்கொண்டு இருந்த இடத்துக்கே போய்விட்டது.

"அடேயப்பா!" என்றார் அவர் ஒலிவாங்கியில். "இதை யாரு இவ்வளவு அழகாப் பாத்துக்கொள்றது?"

லோஜினி வாயைத் திறப்பதற்குள் மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. தொழிற்சாலையில் இருந்து நேரே வந்த அம்மா, கழுத்தில் வேலை அட்டை தொங்க, கதிரைக்கு மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா கதிரை சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவளேதான்!" என்று அம்மா கத்தினாள். "அது என் மக! அவளேதான் வளத்தா! நான் வெட்டச் சொன்னேன், அவ விடல!"

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்கு வெட்கம் வந்து, உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றாள். மறுபடியும் கைதட்டல் எழுந்தது. லோஜினி மேடையின் நடுவில் நின்று, இந்த முறை தன் அம்மாவைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகுமார் மாமா சலூன் வாசலில் நின்று, "என்ன, இன்னைக்கு வாறதாச் சொன்னீங்களே?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்று அம்மா கேட்டுவிட்டு நடந்துபோனாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை. யாரோ கதவைத் தட்டினார்கள். லோஜினி திறந்தாள். வெளியே ஸிபான் நின்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தலை முழுக்கச் சிக்கோடு அவனுடைய குட்டித் தங்கை. அவர்களுக்குப் பின்னால் சின்ன ஓடையாக ஆடிய பிள்ளை. அவளுக்குப் பின்னால் மஹய்யாவ மேட்டில் பாதித் தூரம் வரை வரிசையாக, தெரிந்த முகங்களும் தெரியாத முகங்களும்.

ஸிபான் தரையைப் பார்த்தான். "தங்கச்சி சீப்பைக் கண்டாலே அழுறா. உன்னால ஏலுமா?"

லோஜினி குட்டித் தங்கையின் தலையை ஒரு பக்கம், மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு தாவணியை இடுப்பில் செருகுவது போலப் பாவனை செய்து, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"யாரும் அழ வேணாம். அந்தா பைப் இருக்கு. எல்லாரும் மொதல்ல தலைய நனைச்சிட்டு வாங்க!"